புற்றுநோயும் புதுமருந்தும்

மனித உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. அவை பெருகவேண்டிய காலத்துப் பெருகும். நிற்கவேண்டிய காலத்து நிற்கும். முதிர்ந்தவை மறைந்து புதியவற்றுக்கு இடந்தரும். இவ்வொழுங்கே உடல்நலத்துக்கு அடிப்படை. இதனை மீறி ஓர் உயிரணு கட்டுக்கடங்காது பெருகத் தொடங்கினால், அதுவே புற்றுநோயின் தோற்றமாகும்.

உயிரணு ஒழுங்கு தவறுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணும் வழியை, இரத்தப் புற்றுநோயின் ஒரு வகை அறிஞர்க்குக் காட்டியது. அந்நோயில் வெள்ளையணுக்கள் அளவின்றிப் பெருகும். 1960ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில், பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர், அந்நோயாளரின் உயிரணுக்களில் குரோமோசோம் ஒன்று வழக்கத்தினும் சிறிதாயிருத்தலைக் கண்டனர். 1973ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து ஜேனட் ரௌலி அம்மையார் அதன் காரணத்தை விளக்கினார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தத்தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டமையே அக்காரணம். அதனால் இரு மரபணுக்கள் ஒன்றாய் இணைந்து, புதியதொரு புரதத்தைத் தோற்றுவிக்கின்றன. அப்புரதமே உயிரணுவைப் ‘பெருகு, பெருகு’ என்று ஓயாது ஏவுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

பகைவன் இன்னான் என்று அறிந்தபின் படைக்கலம் செய்தல் எளிதாயிற்று. அப்புரதத்தில் சிறு குழி ஒன்று உண்டு. ஆற்றல் தரும் பொருள் அக்குழியில் வந்து பொருந்தினாலன்றி அது தொழிற்படாது. அக்குழியை அடைத்துக்கொள்ளும் மருந்தே இமாட்டினிப் என்பது. பிரையன் டுரூக்கர் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவரும் 1998ஆம் ஆண்டில் அதனை நோயாளருக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். பலருடைய இரத்தம் சில வாரங்களிலேயே சீரடைந்தது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு இசைவளித்தது.

ஆயினும், நோய் முற்றிய நிலையில் இருந்தோர் சிலர் நலம் பெற்றுச் சில திங்களுக்குள் மீண்டும் நோயுற்றனர். முன்பு பயன்பட்ட மருந்து இப்பொழுது பயன்படாமற்போனது எதனால்? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சார்லஸ் சாயர்ஸ் குழுவினர் அவர்களுடைய உயிரணுக்களை ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டிலேயே விடை கண்டனர். அப்புரதத்தின் 315ஆம் இடத்தில் அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்தது. அச்சிறு மாற்றத்தால் மருந்து குழிக்குள் பொருந்தவில்லை. ஆற்றல் தரும் பொருளோ முன்போலவே பொருந்தியது.

இம்மாற்றம் நிகழும் முறையை வயலைக் கொண்டு உணரலாம். உழவன் பூச்சிமருந்து தெளிக்கிறான். பூச்சிகளுட் பெரும்பாலன மடிகின்றன. இயல்பாகவே அந்நஞ்சைத் தாங்கவல்ல சில மட்டும் எஞ்சுகின்றன. அவற்றின் வழித்தோன்றல்களே பின்னர் வயலெங்கும் நிறைகின்றன. புற்றணுக்களின் செயலும் இத்தகையதே. அவை பெருகும்பொழுது மரபணுவில் பிழைகள் நேர்கின்றன. அப்பிழைகளுள் ஒன்று தற்செயலாக மருந்தைத் தடுப்பதாயின், அதனையுடைய அணு பிழைத்துப் பெருகுகிறது. மருந்துண்பதற்கு முன்னரே அத்தகைய அணுக்கள் சிலரிடத்து இருந்தமையும் அறியப்பட்டுள்ளது.

அறிஞர் சோர்வடையவில்லை. குழியின் புதிய வடிவத்தை நுணுகி அறிந்து, அதற்கேற்ற மருந்துகளை உருவாக்க முயன்றனர். 315ஆம் இடத்து மாற்றத்தையும் எதிர்க்கவல்ல பொனாட்டினிப் என்னும் மருந்து 2012ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது. அம்மருந்துக்கும் தீய பக்கவிளைவுகள் உண்டாதலின், மருத்துவர் அதனை மிக்க விழிப்புடன் கையாளுகின்றனர்.

மருந்து தோற்ற இடத்தில் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை; ஏன் தோற்றது என்று வினவும் இடத்தில் அது மீண்டும் தொடங்குகிறது. அவ்வினாவே அந்நோயாளர் பலருக்கு வாழ்நாளை நீட்டித் தந்தது.