வீட்டில் எதை மாற்றினால் பலன்?

இந்தியாவின் மின்தொகுப்பிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு யூனிட் மின்சாரமும் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியிட்ட பிறகே வந்து சேர்கிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் பிறக்கிறது. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு பார்த்தால், வீட்டில் செய்யச் சொல்லப்படும் மாற்றங்களில் எவை சிரமத்துக்குத் தகும் என்பது பெருமளவு தெளிவாகிவிடும்.

தமிழக வீடுகளில் ஆண்டு முழுவதும் ஓய்வின்றிச் சுற்றுவது மின்விசிறி. பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்தியது 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம், அதாவது 140 கிலோ கார்பன் டை ஆக்சைடு. தமிழ்நாட்டில் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால், மிச்சமாகும் யூனிட்டுகள் விலை அதிகமான கடைசிப் படியிலிருந்தே கழியும். கூடத்திலும் படுக்கையறையிலும் மாற்றினால் போதும். விருந்தினர் வரும்போது மட்டும் ஓடும் விசிறியை மாற்றிப் பெரிய பயனில்லை. ஒருமுறை மாட்டிவிட்டால் அதன்பின் யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய வலிமை. தினமும் மன உறுதியைக் கேட்கும் பழக்கங்கள் சில வாரங்களில் தேய்ந்துவிடுகின்றன.

இதற்கு நேரெதிர், செல்பேசி சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கும் அறிவுரை. சும்மா செருகியிருக்கும் இக்காலச் சார்ஜர் 0.2 வாட் இழுப்பதாகக் கொண்டால், ஆண்டு முழுவதும் விட்டுவைத்தாலும் 2 யூனிட்டைத் தொடாது. டி.வி.யை நிறுத்திய பிறகும் உயிரோடிருக்கும் செட்டாப் பாக்ஸின் கதை வேறு. அது 10 வாட் இழுத்தால், நாளில் 20 மணி நேரத்துக்கு ஆண்டுக்கு 73 யூனிட் போகும். அதன் சுவிட்சை அணைப்பதே கவனத்துக்குரியது.

குளிர்சாதனத்தைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் வெப்பநிலையோடு நின்றுவிடுகிறது. அது சரியான அறிவுரைதான்: 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு அமைப்பாகக் கொண்டு வர வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது; ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. விசிறியையும் சேர்த்து ஓடவிட்டால் 26 டிகிரியே இதமாக இருக்கும். ஆனால் அதிகம் பேசப்படாதது, உள்ளே இருக்கும் வாயு. பல ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், அது 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெப்பத்தை நூறாண்டுக் கணக்கில் சிறைப்பிடிக்கும். மின்சாரத்தில் சொன்னால் ஏறக்குறைய 3,000 யூனிட். புதிய ஏசிகளில் பரவிவரும் ஆர்-32 இதில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் சிறிதன்று. ஏசியின் கொள்ளளவைப் பொறுத்து உள்ளே ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்னாக வாயு இருக்கும்.

‘குளிர்ச்சி வரவில்லை, கேஸ் போடணும்’ என்று மெக்கானிக் சொல்லும் நிமிடம்தான் முக்கியமானது. ஏசியில் வாயு தேய்ந்து தீர்வதில்லை. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மேலே நிரப்பினால் அடுத்த கோடைக்குள் மீண்டும் காற்றில் கலந்துவிடும். முதலில் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் செம்புக் குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பழைய ஏசியைக் கழற்றும்போது வாயுவைத் திறந்துவிடாமல், வெளிப்புற யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டச் சொல்ல வேண்டும். சில நூறு ரூபாய் கூடுதலாகலாம். ஏசி இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பலன் தரும் எளிய செயல் அரிது.

அடுப்பில் கணக்கு எதிர்பாராத பக்கம் திரும்புகிறது. 14.2 கிலோ சிலிண்டர் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய 120 யூனிட்டுக்கு மேல் ஆகும். மின்தொகுப்பின் இன்றைய நிலையில் அது 84 கிலோவைத் தாண்டும். சமையலறைக் காற்று சுத்தமாக இருக்கும் என்பதற்காக இண்டக்‌ஷனுக்கு மாறலாம், அது நல்ல காரணம். புவி வெப்பத்தைக் குறைப்பதற்காக என்றால், கூரையில் சூரியத் தகடு இல்லாத வீட்டில் இப்போதைக்கு அது தலைகீழ் பலனையே தரும். கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறவைப்பது, குக்கரில் ஆவி வந்ததும் தீயைக் குறைப்பது, பாத்திரத்தை மூடிச் சமைப்பது ஆகிய பழைய வழக்கங்கள் செலவின்றி எரிவாயுவை மிச்சப்படுத்தும்.

காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரம் நாட்கணக்கில் புகையைச் சுவாசித்தது. ஆகவே ஈரக்குப்பையைத் தனியாகப் பிரித்துத் தருவது பயனுள்ள வேலை. வீட்டிலேயே உரமாக்குவோர் துளையிட்ட தொட்டியில் காய்ந்த இலையோ தென்னைநார்க் கழிவோ சேர்த்து அவ்வப்போது கிளறிவிட வேண்டும். சொதசொதவென்று கிடந்தால் அங்கும் மீத்தேன்தான்.

தண்ணீரில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.ஓ. இயந்திரம். பல இயந்திரங்கள் ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகின்றன. நீரில் கரைந்த உப்புகளின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால், உப்பு நீக்குவதற்காக ஆர்.ஓ. வேண்டியதில்லை, கிருமிக்கு யு.வி. வடிகட்டியோ கொதிக்கவைப்பதோ போதும். சில நூறு ரூபாய் டி.டி.எஸ். மீட்டர் இதைச் சொல்லிவிடும். மின்சாரம் செலவிட்டுக் கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி போன்ற நிலையங்களின் நீரை அருந்தும் சென்னையில் நீரை வீணாக்குவது மின்சாரத்தையும் வீணாக்குவதே.

துணிப்பை கார்பன் கணக்கில் தடுமாறுகிறது. ஒரு பருத்திப் பை, மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பத்தில் மேலானதாக 131 முறை பயன்பட வேண்டும் என்று பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு கணித்தது. அப்படியானால் மஞ்சப்பை வேண்டாமா? வேண்டும். மழைநீர்க் கால்வாயை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் சேர்வதும் பிளாஸ்டிக் பைதான். அந்தக் கேட்டைக் கார்பனால் அளக்க முடியாது. புதுப்பை வாங்காமல், கல்யாண வீடுகளில் கிடைத்து அலமாரியில் குவிந்திருக்கும் தாம்பூலப் பைகளைக் கிழியும்வரை எடுத்துச் செல்வதே சரியான வழி.

சொந்தக் கூரை உள்ளவர்களுக்குச் சூரியத் தகடு மற்றெல்லாவற்றையும் விஞ்சுகிறது. ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆண்டுக்கு அது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைத் தவிர்க்கும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரியவீடு திட்டம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவித்தது. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் தேவை. தென்னை மர நிழலோ பக்கத்து மாடியின் நிழலோ விழும் கூரையில் உற்பத்தி வெகுவாகக் குறையும் என்பதால், பணம் கட்டும் முன் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் கூரையைப் பார்த்துவிட வேண்டும். வாடகை வீட்டில் இருப்போருக்கு இந்த வழி இல்லை. அவர்களால் வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லக்கூடியது பி.எல்.டி.சி. விசிறி.