20 மணி நேரக் கணக்கு

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் டீ குடிக்கும்போது தவறாமல் கேட்பது இது: "அங்கே பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிச்சுக்கிறேன்னு சொல்றான், நடக்குமா?" கைச்செலவு அளவுக்கு நடக்கும். ஃபீஸ் கட்டும் அளவுக்கு நடக்காது. ஏன் என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

எஃப்-1 விசாவில் படிப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். இதற்குத் தனி வேலை அட்டை வாங்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில், அடுத்த செமஸ்டரும் தொடர்ந்து படிக்கப் போகிறவர் முழுநேரமே பார்க்கலாம். மணிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொண்டால் வாரம் 300 டாலர் வரும். வாடகையில் பாதியும் மளிகையும் தாங்கும். நிலத்தையோ நகையையோ வைத்து வாங்கிய கடனை இதை நம்பி அடைக்கத் திட்டம் போடாதீர்கள்.

பிள்ளைகள் சறுக்குவது அந்த 20-ஐக் கூட்டிப் பார்க்கும் இடத்தில்தான். அது ஒரு வேலைக்கான வரம்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வளாகத்தில் பார்க்கும் எல்லா வேலைகளுக்கும் சேர்த்துத்தான் 20. பேராசிரியர் ஒருவருக்கு விடைத்தாள் திருத்த 10 மணி நேரம், டைனிங் ஹாலில் 12 மணி நேரம் என்றால் மொத்தம் 22, விதி மீறியாயிற்று. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15, சராசரி சரியாகிவிட்டது என்ற கணக்கும் செல்லாது. டைனிங் ஹால் மேற்பார்வையாளருக்குத் தன் ஷிப்ட் மட்டும்தான் தெரியும். பேராசிரியர் அதை விசாரிக்க மாட்டார். "இன்னிக்கு ஆள் வரல, ரெண்டு மணி நேரம் கூட இருக்கியா?" என்று நல்ல மனதோடுதான் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் மாணவர். விசா நிலையே பறிபோகலாம். பிறகு படிப்பு முடித்து வேலை அனுமதி கேட்கும்போதும் இது குறுக்கே வந்து நிற்கும். அதனால் எந்த வாரம் எத்தனை மணி நேரம் என்பதைத் தானே ஒரு நோட்டில் எழுதி வருவது நல்லது. இருபது மணி நேர அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தவர்களுக்குக் கணக்கு இன்னும் எளிது: செமஸ்டர் ஓடும்போது வேறு வேலை கூடாது.

வளாகம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் மாணவர்களுக்காக நடக்கும் புத்தகக் கடை, கேன்டீன் ஆகியவற்றை வெளி நிறுவனம் நடத்தினாலும் அங்கே வேலை பார்க்கலாம். அதே வளாகத்தில் புதுக் கட்டடம் எழுப்பும் கான்ட்ராக்டரிடம் சேர முடியாது. அவர் மாணவர்களுக்கு நேரடியாகச் சேவை செய்பவர் இல்லை. வெளியே இருக்கும் பெட்ரோல் பங்க், இந்திய ஓட்டல் எல்லாம் அனுமதியில்லாத வேலைதான். கையில் ரொக்கமாகக் கொடுத்தாலும் விதி மாறாது. ஊர்க்காரர் கடைதானே என்று போய் மாட்டிக்கொண்டால், காப்பாற்ற அந்த ஊர்க்காரரால் முடியாது.

இன்னொன்று பிள்ளைகளின் மனதைச் சோர வைக்கிறது. லைப்ரரி வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள், தகுதி இருந்தும் கிடைப்பதில்லை. விளம்பரத்தின் ஓரத்தில் 'ஒர்க் ஸ்டடி' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1964-இல் வறுமை ஒழிப்புச் சட்டத்தோடு வந்த மத்திய அரசுத் திட்டம் அது. பண வசதி குறைந்த அமெரிக்க மாணவர்களுக்கும், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் போன்ற சில பிரிவினருக்கும் மட்டும் உரியது. அந்த மாணவரை எடுத்தால் பெரும்பாலும் சம்பளத்தில் 75 சதவீதம் வரை அரசு நிதியிலிருந்து வரும், துறைக்கு மிச்சம் 25தான் செலவு. பட்ஜெட் இறுக்கமாக இருக்கும் துறை யாரை எடுக்கும் என்று சொல்லவா வேண்டும்? உங்கள் பிள்ளையின் திறமைக்கும் அந்த மறுப்புக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் குறிப்பு இல்லாத வேலைகளைத் தேடி விண்ணப்பித்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

வேலை கிடைத்துவிட்டால் காகித வேலை தொடங்கும். வேலை பார்க்கும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 என்ற படிவம், 1986-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் வந்தது. அதன் முதல் பகுதியை வேலையில் சேரும் நாளுக்குள் மாணவர் நிரப்ப வேண்டும். அடுத்த மூன்று வேலை நாட்களுக்குள் பாஸ்போர்ட், பல்கலைக்கழகம் தந்த ஐ-20, நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 ஆகியவற்றை அலுவலகத்தில் காட்ட வேண்டும். பாஸ்போர்ட் நகல் செல்லாது, அசல்தான் வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் வேலை கிடைத்தவர்களுக்குத்தான் தருவார்கள். அதற்கு விண்ணப்பிக்க வேலை தரும் துறையின் கடிதம் தேவை; அதில் வேலை விவரம், தொடங்கும் தேதி, மணி நேரம், மேற்பார்வையாளர் பெயர், அவர் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். சர்வதேச மாணவர் அலுவலகமும் ஒரு கடிதம் தர வேண்டும். எண் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை; விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் பிள்ளையை அதை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதில் சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம் என்று இரண்டு வரிகளில் பிடித்தம் காட்டியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் அந்த இரண்டும் கிடையாது. டிசம்பரில் போய் இறங்கினாலும் அந்த ஆண்டு ஒன்றாகவே எண்ணப்படும் என்பதை மறக்க வேண்டாம். 300 டாலருக்கு வாரம் 22 டாலர் 95 சென்ட் பிடிக்கிறார்கள் என்றால் அது இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. வருமான வரி வேறு, அது உண்டு. அதிலும் இந்திய மாணவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது: இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவின்படி, மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்கும் கிடைக்காத, வருமானத்தில் ஒரு நிலையான தொகையை வரியில்லாமல் கழிக்கும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனை இவர்கள் கோரலாம். தவறாகப் பிடித்த பணத்தை முதலில் பல்கலைக்கழகத்தின் பே ரோல் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அவர்கள் கையை விரித்தால், 843 என்ற படிவத்தை நிரப்பி வரித்துறையிடமே திருப்பிக் கேட்கலாம்.