வைத்தியரும் பூட்டிய சஞ்சிகையும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் உள்ளது புதுக்குடியிருப்பு. வயலும் காடும் அடுத்தடுத்துக் கிடக்கும் அப்பகுதியில், புடையன் தீண்டிய கமக்காரர் ஒருவர் இரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படலாம். அவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் குதிரைகளின் குருதியிலிருந்து ஆக்கப்படுவது. உயிரைக் காக்கும் அம்மருந்தே சிலவேளை மூச்சுத்திணறலையும் குருதி அமுக்க வீழ்ச்சியையும் உண்டாக்கிவிடும். இதனைத் தடுக்க முன்கூட்டியே எதனைக் கொடுப்பது? நெடுங்காலம் வைத்தியர்கள் தத்தம் வழக்கப்படியே நடந்துவந்தனர்.

இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் இலங்கை ஆய்வாளரே. பாம்பு தீண்டிய 1007 நோயாளரிடம் அவர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 2011இல் வெளிவந்தது. விஷமுறிவு மருந்துக்குச் சற்று முன்னர் சிறிதளவு அட்ரினலினைத் தோலின்கீழ் ஏற்றியபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடும் விளைவுகள் 43 சதவீதம் குறைந்தன. பலரும் நம்பியிருந்த ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெதசீனும் பயன் தரவில்லை. அட்ரினலினுடன் ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தபோது முன்னதன் பயனும் மங்கிற்று.

இக்கட்டுரை ‘பிளாஸ் மெடிசின்’ என்னும், எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க சஞ்சிகையில் வந்தமை நற்பேறு. வேறு பல மருத்துவ சஞ்சிகைகள் ஒரு கட்டுரைக்கே பல டொலர் கேட்பன. அவற்றின் ஆண்டுச் சந்தாக்களோ சிறிய நூலகத்தின் நிதி முழுவதையும் விழுங்கவல்லன.

இக்குறையை நீக்கவே உலக சுகாதார நிறுவனம் ஆறு பெரும் பதிப்பகங்களுடன் சேர்ந்து 2002இல் ‘ஹினாரி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. மிக வறிய நாடுகளுக்குச் சஞ்சிகைகள் இலவசம். சற்று வசதியுள்ளவற்றுக்குக் குறைந்த கட்டணம். ஆயினும் அனுமதி தனிமனிதருக்கன்று, நிறுவனத்துக்கே. பல்கலைக்கழகமோ வைத்தியசாலையோ பதிவுசெய்து கடவுச்சொல் பெறவேண்டும். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் போன்ற இடங்களில் அதனைக் கவனிக்க நூலகர் உண்டு. நூலகமே இல்லாத கிராமப்புற வைத்தியசாலையில் அவ்வேலை யாருடையது?

நாட்டின் வருமானத்தை அளவுகோலாகக் கொள்வதிலும் இடர் உண்டு. வருமானம் உயர நாடு இலவசப் பட்டியலினின்றும் நீங்கும். வைத்தியசாலையின் நூல்நிதி அதனோடு சேர்ந்து உயர்வதில்லை. பட்டியலில் இருந்தும் பயனற்றுப்போனதுண்டு. 2011 ஜனவரியில் பதிப்பகங்கள் சில, தம் விற்பனை வங்காளதேசத்தில் வளர்ந்துவிட்டதெனக் கூறி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சஞ்சிகைகளை அந்நாட்டுக்கு மூடின. கண்டனம் எழுந்தபின்னரே அவை மீண்டும் திறக்கப்பட்டன. கேட்டுப் பெற்றதை ஒரு கடிதத்தால் இழக்கலாம் என்பது டாக்கா வைத்தியர்களுக்கு அப்போது விளங்கிற்று.

புடையன் தீண்டியவர் வரும் இரவில், அந்த 1007 பேரின் முடிவைப் புதுக்குடியிருப்பு வைத்தியர் தம் கைத்தொலைபேசியிலேயே படித்துவிடலாம். அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு வேண்டிய கட்டுரை எந்தச் சஞ்சிகையில் உள்ளதோ!