காரின் மேல் வழக்குத் தொடுத்த மாணவர்கள்

1970 ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு விசித்திரமான விசாரணை நடக்கிறது. குற்றவாளியாக நிற்பது மனிதன் அல்ல. 1959 ஆம் ஆண்டு மாடல் மோட்டார் கார்! காற்றைக் கெடுத்தது, போக்குவரத்து நெரிசலை உண்டாக்கியது, தன்னை விட்டால் வேறு கதியில்லை என்று மக்களை ஆக்கியது, ஏழைகளுக்கு ஓரவஞ்சனை செய்தது என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்படுகின்றன. காருக்காகப் பேசவும் சாட்சிகள் உண்டு. இருந்தும் தீர்ப்பு மரண தண்டனை. சம்மட்டிகள் ஓங்கி விழ, கார் நொறுங்குகிறது.

வெறும் வேடிக்கைதானே என்று நினைக்கிறீர்களா? அந்தப் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் நகரில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில்தான் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட். அந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது கார்தான். அங்கே நின்றுகொண்டு காரைக் குறை சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

இந்த நிகழ்ச்சிக்குப் பின்னால் 'எனாக்ட்' என்ற மாணவர் குழு இருந்தது. இயற்கை வளத் துறையில் படித்துக்கொண்டிருந்த சிலர் 1969 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கூடி இதைத் தொடங்கினார்கள். அவர்கள் கையாண்ட முறைக்கு 'டீச்-இன்' என்று பெயர். அதுவும் அதே பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான். 1965 மார்ச்சில் வியட்நாம் போரை எதிர்த்த பேராசிரியர்கள், வகுப்பைப் புறக்கணிப்பதற்குப் பதிலாக இரவு முழுவதும் வகுப்பு நடத்தினார்கள். வேலைநிறுத்தம் பாடமாக மாறியது! அதே முறையைச் சுற்றுப்புறத் தூய்மைக்கேட்டுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று மாணவர்கள் எண்ணினார்கள்.

மார்ச் 11 முதல் 14 வரை நான்கு நாட்கள், நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். தொடக்க நாளன்று கூடைப்பந்து அரங்கில் சுமார் 14,000 பேர். இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். நான்கு நாட்களிலும் சேர்த்து வந்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மேடை ஏற்பாடு, நிதி திரட்டல், கடிதப் போக்குவரத்து, சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லைகளை விற்பது என்று யார் கண்ணிலும் படாத வேலைகள் மாதக்கணக்கில் நடந்திருந்தன. எனக்கு அந்த நொறுங்கிய காரை விட இந்த வேலைகள்தான் பெரிதாகத் தோன்றுகின்றன.

மேடையில் யார் யார் பேசினார்கள் தெரியுமா? உயிரியலறிஞர் பாரி காமனர் பேசினார். கார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வால்டர் ரூதரும் பேசினார். தங்களோடு ஒத்துப்போகிறவர்களை மட்டும் அழைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. "போர் நடந்துகொண்டிருக்கும்போது ஆற்றைப் பற்றிப் பேசுவது நாட்டின் கவனத்தைத் திருப்பும் வேலை" என்று சில மாணவர்கள் சாடினார்கள். அதே மார்ச் மாதத்தில் கறுப்பின மாணவர்கள் தங்களுக்குக் கூடுதல் இடம் கேட்டு அதே வளாகத்தில் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான்.

சரி, ஆறு என்றேனே, அந்தக் கதை என்ன? ஆன் ஆர்பரின் ஊடே ஹியூரான் ஆறு ஓடி, ஈரி ஏரியில் கலக்கிறது. அக்காலச் சலவைத் தூளில் பாஸ்பேட் நிறைய இருந்தது. நீரின் கடினத்தன்மையைப் போக்கித் துணியை நன்றாக வெளுக்க வைப்பதற்காக அதைச் சேர்த்தார்கள். துணி வெளுத்தது; ஆனால் கழிவுநீரோடு பாஸ்பேட் ஏரிக்குப் போயிற்று. பாஸ்பரஸ் பாசிக்கு நல்ல உரம் அல்லவா? பாசி மண்டி வளர்ந்தது. மடிந்து அடியில் படிந்த பாசியைப் பாக்டீரியாக்கள் சிதைத்தன. அதற்கு நீரில் கரைந்திருந்த பிராணவாயு செலவாயிற்று. மீன்களுக்கு மூச்சுவிட எதுவும் மிஞ்சவில்லை. பாசியை மண்டச் செய்தது நஞ்சல்ல, உரம்தான்! வீட்டில் துணி துவைப்பவருக்கும் ஏரியில் சாகும் மீனுக்கும் உள்ள இந்தத் தொடர்பை விளக்குவதற்கு ஒரு வகுப்பு வேண்டியிருந்தது. 1972 இல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு பாஸ்பரஸைக் குறைத்தன. ஏரி தேறியது. ஆனால் பின்னாளில் வயல்களிலிருந்து வழியும் உரத்தால் பாசி திரும்பி வந்தது. 2014 இல் டொலீடோ நகரத்தார் சில நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள்.

இன்னொரு சிறு செய்தி. நாடு முழுவதும் இத்தகைய கூட்டங்களை நடத்த செனட்டர் கேலார்ட் நெல்சன் 1969 இல் அழைப்பு விடுத்திருந்தார். அதற்குக் குறித்த நாள் 1970 ஏப்ரல் 22. அதுதான் முதல் புவி நாள். பின் மிச்சிகன் மாணவர்கள் ஏன் மார்ச்சிலேயே நடத்தினார்கள்? ஏப்ரல் 22 அன்று அவர்களுக்கு ஆண்டிறுதித் தேர்வுக் காலம்! பரீட்சைக்குப் பயந்து முன்னதாக நடத்தியதே மற்றக் கல்லூரிகளுக்கு ஒத்திகையாக அமைந்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு சுற்றுப்புறப் பாதுகாப்பு நிறுவனத்தை அமைத்தது. புதிய காற்றுத் தூய்மைச் சட்டமும் வந்தது.

கூட்டம் கலைந்தது, பெரும்பாலான மாணவர்கள் பட்டம் பெற்று ஊரை விட்டுப் போனார்கள். ஆனால் அதே 1970 இல் ஊர்மக்களும் மாணவர்களும் சேர்ந்து ஆன் ஆர்பரில் ஒரு சூழலியல் மையம் தொடங்கினார்கள். பழைய செய்தித்தாளும் கண்ணாடிப் புட்டியும் சேகரித்து மறுபயனுக்கு அனுப்புவது அதன் முதல் வேலைகளில் ஒன்று. அந்த மையம் இன்றும் அங்கே இயங்கிவருகிறது.