மனச்சோர்வும் மருத்துவமும்

மனச்சோர்வு ஒரு நோய். வேலை போனாலும் வேண்டியவர் இறந்தாலும் யாருக்கும் வருத்தம் வரும். நாள் போகப்போக அது தணியும், நடுவில் ஒரு குழந்தையின் மழலைக்குச் சிரிப்பும் வரும். நோயான மனச்சோர்வு அப்படித் தணிவதில்லை. ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் மனம் கனத்துக் கிடக்கும். அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டம் அற்றுப்போகும். இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கக் குறைவு, பசியின்மை, ஓயாத அசதி, கவனச் சிதறல், தன்னையே பழித்துக்கொள்ளுதல், இனி வழியில்லை என்ற நினைப்பு, சாவைப் பற்றிய எண்ணம் போன்றவை சேர்ந்து ஐந்து அறிகுறிகளாவது தெரிந்து, வேலையும் குடும்பமும் தடுமாறினால் மருத்துவர்கள் இதை நோய் என்று உறுதி செய்கிறார்கள். இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. பொறுமையாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேட்பதற்கு ஆள் இல்லாததால்தான் இந்த நோய் பெரும்பாலும் உடம்பின் வழியாக வெளியே வருகிறது. பெங்களூரின் தொம்மலூரை எடுத்துக்கொள்ளலாம். பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள சொக்கநாதர் கோயிலும், ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கோல்ஃப் லிங்க்ஸ் ஐ.டி. வளாகமும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் “தூக்கமே வரல டாக்டர்” என்று கிளினிக்குக்கு வருவார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா “தலை பாரமா இருக்கு, கை கால் எல்லாம் ஓய்ஞ்சு போகுது” என்பார். இன்னொருவர் கேஸ் டிரபிள் என்று நெஞ்சைத் தடவுவார். மூவருக்கும் சத்து மாத்திரையோ ஊசியோ கிடைத்துவிடும். “மனசு எப்படி இருக்கு?” என்ற கேள்வி மட்டும் கிடைக்காது. அந்த ஒரு கேள்வி விடுபடுவதால் வருடங்கள் வீணாகின்றன.

இந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பதை, பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு சொல்கிறது. கோலார் மாவட்டத்தில் முன்னோட்டம் பார்த்துவிட்டு, தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு அது. பெரியவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்வில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தார். பெண்களிடமும், 40 முதல் 49 வயதினரிடமும், பெருநகரவாசிகளிடமும் இது கூடுதலாக இருந்தது. நோயுற்றவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பதுதான் அந்த அறிக்கையின் மிகத் துயரமான செய்தி. தொம்மலூரிலிருந்து நிம்ஹான்ஸ் சில கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவைக்கூடப் பலரால் கடக்க முடியாமல் செய்வது வெட்கமும், “இதெல்லாம் ஒரு வியாதியா” என்ற வீட்டாரின் பேச்சும்.

நோய்க்குக் காரணம் ஒன்றல்ல. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் பாதிக்கும் மேல் வாழ்க்கைச் சூழலைச் சார்ந்தது. சிறு வயதில் பட்ட கொடுமை, கடன், குடிகாரக் கணவன், தனிமை, தீராத உடல்நோய், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் எல்லாம் இதற்கு வழி திறக்கின்றன. மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது, அதை நிரப்பினால் போதும் என்று பல காலம் எளிமையாக விளக்கப்பட்டது. இன்றைய ஆராய்ச்சி அந்த விளக்கத்தை ஏற்பதில்லை. நரம்பணுக்களுக்கு இடையிலான தொடர்புகள், நெடுநாள் மனஉளைச்சலில் சுரக்கும் கார்ட்டிசால், உடலில் தங்கும் அழற்சி என்று பல இழைகள் இதில் பின்னிக்கிடக்கின்றன. தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பதால் நல்ல மருத்துவர் முதலில் அவற்றைப் பரிசோதிப்பார்.

சிகிச்சை என்றதும் மாத்திரைதான் நினைவுக்கு வரும். லேசான, நடுத்தர நோய்க்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய முறை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ போன்ற எண்ணங்களை நோயாளியே சோதித்துப் பார்க்கக் கற்றுத்தருகிறது. அதைவிட எளிய முறை ஒன்று செயலிலிருந்து தொடங்குகிறது. மனம் சோர்ந்தவர் வெளியே போவதை நிறுத்துகிறார். போகாததால் மகிழ்ச்சி தரும் எதுவும் நடப்பதில்லை. அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை வெட்டுவதற்கு, ஒரு வாரம் முழுக்க மணிக்கு மணி என்ன செய்தார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்கிறார்கள். அதைப் பார்த்து அடுத்த வாரத்துக்கு மிகச் சிறிய வேலைகள் குறிக்கப்படும்: காலையில் பத்து நிமிடம் நடப்பது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அக்காவுக்குப் போன் செய்வது. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதில்லை. செய்தால் மனம் பின்னால் வரும்.

இதற்குப் பெரிய பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்பதில்லை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் அமைப்பினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுடன் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 64 விழுக்காட்டினர் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர்தான் மீண்டார்கள். 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த இந்த முடிவு ஏழை நாடுகள் அனைத்துக்கும் நம்பிக்கை தருவது.

நோய் தீவிரமானால் பெரும்பாலும் மருந்தும் தேவைப்படும். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் 1950களில் இமிப்ரமின் என்ற மருந்தின் மனச்சோர்வு தணிக்கும் குணத்தைக் கண்டுபிடித்தார். 1987 இறுதியில் ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் ஆகியவை இன்று இந்தியாவில் பரவலாக எழுதித்தரப்படுகின்றன. 522 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டின் தொகுப்பில், பார்த்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்தன. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகள் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும்; பலர் மருந்தைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இவை போதை மருந்துகள் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம், ஆகவே டாக்டர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொடக்க வாரங்களில் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தில் இருந்ததுண்டா என்று மருத்துவர் கேட்பதற்கும் காரணம் உண்டு: இருதுருவ நோய் உள்ளவருக்கு இம்மருந்தைத் தனியாகக் கொடுத்தால் ஆபத்து.

கடும் நோய்க்குத் தரப்படும் மின்சிகிச்சையை நம் சினிமா கொடுமையாகவே காட்டிப் பழக்கிவிட்டது. உண்மையில் இன்று நடப்பது வேறு. வெறும் வயிற்றோடு வரும் நோயாளிக்கு மயக்க ஊசி போடப்படும்; பின்பு தசைகளைத் தளர்த்தும் மருந்து. பிராணவாயு கொடுத்தபடியே நெற்றிப்பொட்டில் சில விநாடிகள் மட்டும் மின்சாரம் செலுத்தப்படும். மூளையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வலிப்பு ஓடும். உடம்பு ஏறக்குறைய அசையாது. சிறிது நேரத்தில் அவர் கண் விழிப்பார். வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு முறை செய்வது வழக்கம். அண்மை நிகழ்வுகள் சில காலம் மறந்துபோகலாம்; அதை மறைக்கக் கூடாது. ஆனால் உண்ணாமல், பேசாமல், உயிரை வெறுத்துக் கிடப்பவரை இதைவிட வேகமாக மீட்கும் சிகிச்சை அரிது. மயக்க மருந்தில்லாமல் மின்சிகிச்சை கொடுப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. மனநோய் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு தர வேண்டும் என்று சொல்வதும் இதே சட்டம்தான்.

பெரிய மருத்துவமனைகளால் மட்டும் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்பதைக் கர்நாடகம் முன்பே உணர்ந்திருக்கிறது. நிம்ஹான்ஸ் 1980களில் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனநோய்களைக் கண்டறிந்து மருந்து தரப் பயிற்சி அளித்தது. நாடு முழுவதும் பின்னர் வந்த மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி.

வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்தால் “மனசைத் திடப்படுத்திக்கோ” என்பதால் பயன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு அது ஆறுதலே தரும். தோன்றுகிறது என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் இலவசச் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.