இறுக்குவது என்றால் இழுப்பது

வீட்டிலேயே பைக் வேலை பார்க்க என்னென்ன கருவிகள் வேண்டும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நூற்றுச்சொச்சம் உருப்படிகள் அடங்கிய பெட்டி ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறாராம். வாங்கலாமா?

வேண்டாம். நூறு சிசி வண்டியின் அன்றாட வேலைகளுக்கு 8, 10, 12, 14, 17 நம்பர் ஸ்பானர்களே பெரும்பாலும் போதும். ரிங் ஸ்பானராகவோ ஆறுமூலை சாக்கெட்டாகவோ வாங்குவது நல்லது. ஓபன் ஸ்பானர் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். இறுகிப்போன போல்ட்டின் மூலைகளை அது மழுக்கிவிடும். இவற்றோடு ஒரு பிளக் ஸ்பானர், டேப்பட் இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ், ஆலன் கீ செட், ஸ்க்ரூவின் தலையில் ஆடாமல் உட்காரும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். ஜப்பானிய வழிவந்த வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் பலவற்றின் வெட்டு, ஃபிலிப்ஸ் வகையிலிருந்து சற்றே மாறுபட்டது. சாதாரண ஃபிலிப்ஸ் டிரைவரை அழுத்தித் திருகினால் அது மேலேறி வழுக்கும், ஸ்க்ரூவின் தலை போய்விடும்.

பெட்டியில் எத்தனை உருப்படி இருந்தாலும் பெரும்பாலும் இருக்காத கருவி ஒன்று உண்டு. டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்குகிறோம் என்று சொல்லும் ஸ்பானர் அது. அதன் அருமை தெரிய, ஒரு போல்ட்டை இறுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

போல்ட்டைச் செருகி வைக்கும் ஆணியாகத்தான் நாம் நினைக்கிறோம். அது ஒரு சுருள்வில். தலை போய் உட்கார்ந்த பிறகு நாம் தரும் ஒவ்வொரு திருகும் மரையின் சரிவில் ஏறி, எஃகுத் தண்டை நீளவாக்கில் இழுக்கிறது. 8 மி.மீ. போல்ட் ஒன்றை 20 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் அதற்குள் சுமார் 12,500 நியூட்டன் இழுவிசை உருவாகிறது. ஏறக்குறைய 1,270 கிலோ எடை. அந்த இழுப்பில் 50 மி.மீ. நீளத் தண்டு சுமார் 0.08 மி.மீ. நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது துடிக்கும் துடிப்புதான் இன்ஜினின் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. இவ்வளவு சின்ன நீட்சியில் இவ்வளவு பெரிய பிடிப்பு!

ஹோட்டலில் சாம்பார் பார்சல் கட்டுபவரைக் கவனித்தால் இது முழுதாக விளங்கும். கவரின் வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போடுகிறார். பேண்ட் நீண்டிருப்பதால்தான் வாய் மூடியிருக்கிறது. இழுக்காமல் சும்மா சுற்றினால் தெருமுனை தாண்டுவதற்குள் பையெல்லாம் சாம்பார். வழியில் குலுங்கிக் கவர் கொஞ்சம் அமுங்கினாலும் நீண்டிருக்கும் பேண்ட் கூடவே சுருங்கிப் பிடியை விடாமல் வைத்திருக்கும். அதையே சணலால் கட்டியிருந்தால், கவர் அமுங்கிய மறுகணம் சணல் தொளதொளத்துவிடும். கேஸ்கெட் அமுங்கும்போது போல்ட் செய்வதும் பேண்டின் வேலையைத்தான். அளவுக்கு மீறி இழுத்த பேண்ட் அறுந்துபோகும், அல்லது தளர்ந்து அடுத்த பார்சலுக்கு உதவாமல் போகும். எல்லை தாண்டி நீண்ட போல்ட்டும் அப்படியே. கட்டுபவரின் விரலில் எண்ணெய் இருந்தால் பேண்ட் வழுக்கிக்கொண்டு, அவர் நினைத்ததைவிட ஒரு சுற்று அதிகமாகவே ஏறிவிடும்.

அந்த எண்ணெயில்தான் கதையே இருக்கிறது. ஸ்பானரில் நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பாதியைப் போல்ட் தலைக்கு அடியில் நடக்கும் உராய்வு தின்றுவிடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளின் உராய்வுக்குப் போகிறது. மிச்சமிருக்கும் பத்து சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் குறைந்தாலும் நீட்சி தாறுமாறாக ஏறும். மேலே சொன்ன அதே போல்ட்டின் மரையில் எண்ணெய் தடவி, அதே 20 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் இழுவிசை 12,500இலிருந்து 17,800 நியூட்டன் வரை போகலாம். ரெஞ்ச் சொன்னது ஒரே எண். போல்ட் பட்ட பாடு வேறு. எண்ணெய் தடவச் சொல்லியிருந்தால் தவிர, சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்கள் சுத்தமான, உலர்ந்த மரைக்கானவை.

புளூடூத் வைத்த டிஜிட்டல் ரெஞ்சுகள் ஒரு சதவீதத் துல்லியம் என்று விளம்பரப்படுத்தப்படுவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முறுக்குவிசையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், உராய்வின் ஏற்ற இறக்கத்தால் போல்ட்டின் உண்மையான இழுவிசை 25 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்றே பொறியியல் கையேடுகள் கணக்கிடுகின்றன. வெறும் கை உணர்வுக்கு அவை தரும் எண் 35 சதவீதம். முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த மெக்கானிக்கின் மணிக்கட்டை மட்டமாக நினைக்க இதில் ஒன்றும் இல்லை. அந்த மணிக்கட்டு நமக்கு இல்லை என்பதால்தான் நமக்கு ரெஞ்ச் வேண்டும். சர்வதேசத் தரம் அனுமதிக்கும் 4 சதவீதப் பிழையுள்ள சாதாரண கிளிக் ரெஞ்சே வீட்டுக்குத் தாராளம்.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. கைப்பிடியைச் சுழற்றும்போது உள்ளே ஒரு கம்பிச்சுருள் அழுந்துகிறது. அந்தச் சுருள் ஒரு சிறு கட்டையைத் தலைப்பகுதி நெம்புகோலின் மீது அழுத்திப் பிடித்திருக்கிறது. நாம் தரும் விசை அந்தப் பிடியை மீறும்போது கட்டை சாய, நெம்புகோல் குழாயின் சுவரில் மோதும். அதுதான் அந்த 'டக்'. ரெஞ்ச் தானாக நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும். வேலை முடிந்ததும் அளவை ஆகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வைக்க வேண்டும். இறுகிய போல்ட்டைக் கழற்ற இதைத் தொடவே கூடாது.

வரலாறு கேட்பவர்களுக்கு: நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் 1918இல் டார்க் ரெஞ்சை உருவாக்கினார் என்பார்கள். நிலத்தடிக் குழாய் இணைப்புகளின் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி முறுக்குவதைத் தடுப்பது அவர் நோக்கம். காப்புரிமைக்கு முதலில் விண்ணப்பித்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஜான் ஷார்ப், 1931இல்.

இதைவிட முக்கியமான ஆண்டு 1969. போல்ட் ஏன் தானாகக் கழல்கிறது என்று அந்த ஆண்டு கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதித்துக் காட்டினார். இணைத்த பாகங்கள் பக்கவாட்டில் ஒன்றன்மீது ஒன்று நழுவும்போதுதான் போல்ட் வேகமாகக் கழல்கிறது. போதிய இழுவிசை இருந்தால் நழுவலே நடக்காது. அவர் வகுத்த சோதனை முறையில் நம் பட்டறைகள் நம்பியிருக்கும் ஸ்பிரிங் வாஷர் பெரிதாகத் தேறுவதில்லை.

வீட்டில் வேலை பார்ப்பவர்களிடம் கழன்று விழுவதைவிட அதிகம் நடப்பது வேறு: மிகை இறுக்கம். ஆயில் மாற்றும்போது டிரெய்ன் போல்ட்டை, ஒழுகக் கூடாதே என்ற பயத்தில் உடம்பைக் கொடுத்து முறுக்குகிறார்கள். போல்ட் எஃகு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். மரை அலுமினியப் பக்கத்தில்தான் போகும். பிறகு லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்கிற எஃகுச் சுருளை உட்கார வைக்க வேண்டியிருக்கும். 10 நம்பர் ஸ்பானர் பிடிக்கும் போல்ட்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். தலைதான் 10, தண்டு பெரும்பாலும் 6 மி.மீ.; அதற்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். இது ஒரு கையின் லேசான இழுப்பு.

ஸ்பார்க் பிளக்குக்கு ரெஞ்ச்கூட வேண்டாம். வாஷருள்ள புது பிளக்கை விரலால் முட்டும்வரை திருகிவிட்டு, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். திருகும் கோணம் நீட்சியை நேராகவே அளந்துவிடுகிறது. உராய்வின் குழப்பம் அங்கே குறைவு. கார் இன்ஜின்களின் ஹெட் போல்ட்டுகளை முதலில் ஓரளவு இறுக்கி, அப்புறம் குறித்த கோணத்துக்குத் திருப்பச் சொல்வதும் இதனால்தான்.

கடையில் காரின் சக்கரத்துக்கான 40 முதல் 210 நியூட்டன் மீட்டர் ரெஞ்சை எடுத்துக் கொடுப்பார்கள். பைக்கின் சின்ன போல்ட்டுகளுக்கு அது ஆகாது. 5 முதல் 25 வரை அளக்கும் சிறியதை முதலில் வாங்கலாம். அதற்கும் பணம் இல்லையென்றால், பயணப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். போல்ட்டின் மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி ஸ்பானரில் மாட்டி, செங்கோணத்தில் மெதுவாக இழுங்கள். தராசு 10 கிலோ காட்டும்போது போல்ட்டில் 24.5 நியூட்டன் மீட்டர் இருக்கும். பிரேக், ஆக்ஸில் இரண்டையும் மட்டும், கையில் சரியான ரெஞ்சும் உங்கள் வண்டியின் மேனுவலும் வரும்வரை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.