கட்டற்ற உலகம் – 17: மாவுப்பூச்சியும் மன்றமும்

“மரவள்ளியில மாவுப்பூச்சி விழுந்திருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?”

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலம் பக்கமும் கல்வராயன்மலை அடிவாரத்திலும் மரவள்ளி போட்டவர்கள் சில வருடங்களாகக் கேட்டுவரும் கேள்வி இது. இந்தியாவில் முதன்முதலாக 2020-இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பூச்சி, சீக்கிரமே தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. செடியின் நுனி சுருண்டு கொத்தாகும், கணு இடைவெளி குறுகும், கிழங்கு சிறுக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: மருந்து அடி.

பிறகு பதில் மாறியது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபசி என்ற குளவியை 2021-இல் பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வள ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பறக்கவிட்டார்கள். ஏத்தாப்பூர் இருப்பது சேலம் மாவட்டத்தில், ஆத்தூர் பக்கம். கல்வராயன்மலைக்கு ரொம்பத் தூரமில்லை. எறும்பை விடச் சின்னதாக இருக்கும் இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளே பொரியும் புழு பூச்சியைத் தின்று கூடாக்கிவிட்டு, குளவியாகி வெளியே வரும். 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியதும் இதே குளவிதான். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

குளவி வந்த வயலில் கண்டபடி மருந்து அடித்தால் குளவியும் சாகும். ஆகவே 2020-இல் சரியாக இருந்த பதில், 2022-க்குப் பிறகு கெடுதல் செய்யக்கூடிய பதில். கட்டற்ற மென்பொருளைப் பற்றிய தொடரில் பூச்சிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு மாவட்டம் தான் கற்றுக்கொண்டதை எங்கே சேர்த்துவைக்கிறது என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

இப்போதைக்கு அது வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். காலையில் ஒருவர் இலையைப் படம் பிடித்துப் போடுகிறார், நாலு பேர் பதில் சொல்கிறார்கள், மதியத்துக்குள் பிறந்தநாள் வாழ்த்தும் கட்சிக்கூட்ட வீடியோவும் அதை மேலே தள்ளிவிடுகின்றன. அடுத்த மாதம் இன்னொருவர் அதே இலையைப் போடுகிறார். பழைய மருந்துப் பட்டியல் ஒன்று எழுதியவர் பெயரும் தேதியும் இல்லாமல் ஃபார்வேர்டாக வந்து சேர்ந்தால், அது எந்த வருடத்துப் பதில் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தக் குழுவில் இருக்கிறோமோ அந்தக் குழுவின் பேச்சுதான் நமக்குக் கிடைக்கும். கல்வராயன்மலையில் கரியாலூர்க்காரர் கேட்டு வாங்கிய பதில் சேராப்பட்டுக்குப் போய்ச் சேர, இரண்டு குழுவிலும் இருக்கிற ஒரு ஆள் மனசு வைக்க வேண்டும்.

இதற்கு ஒரு பழைய தீர்வு உண்டு. இணைய மன்றம். ஒரு கேள்விக்கு ஓர் இழை. இழைக்குத் தலைப்பு, ஒவ்வொரு பதிலுக்கும் ஆள், தேதி. மூன்று வருடம் கழித்து வருபவரும் தேடி எடுக்கலாம். பழைய பதில் தப்பென்று தெரிந்தால் அதன் கீழேயே புதுப் பதிலை எழுதலாம். தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் யாழ் இணையத்தின் கருத்துக்களத்தில் சண்டை போட்டும் சமாதானமாகியும் எழுதிவந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகநூல் வந்த பிறகு தமிழில் பல மன்றங்கள் ஆளில்லாமல் போயின. அவற்றை ஓட்டிய மென்பொருள்கள் மட்டும் சாகவில்லை.

அவற்றில் பெரிய பெயர் பிஎச்பி-பிபி. 2000 ஜூனில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற நிரலாளர் தன் மனைவியின் இணையதளத்துக்காக எழுத ஆரம்பித்தது. ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். அந்த வருட டிசம்பருக்குள் முதல் பதிப்பு வந்துவிட்டது. 2002-இல் வந்த இரண்டாம் பதிப்பு உலகமெங்கும் பரவியது. மூன்றாம் பதிப்புக்கு 2007 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பளமில்லாத வேலையில் கால அட்டவணை அப்படித்தான் இருக்கும்.

அந்தக் காத்திருப்பின் நடுவில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மன்றத்தில் ஒரு சொல்லைத் தேடினால், கிடைக்கிற பக்கத்தில் அந்தச் சொல்லை வண்ணமிட்டுக் காட்டும் வசதி பிஎச்பி-பிபியில் இருந்தது. அந்தச் சின்ன வசதியில் ஓர் ஓட்டை. முகவரியில் தேடுசொல் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதையாவது எழுதி அனுப்பினால், வழங்கி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றிவிடும். குழுவினர் அதைச் சரிசெய்து 2.0.11 பதிப்பை 2004 நவம்பரில் வெளியிட்டார்கள். “உடனே மாற்றிக்கொள்ளுங்கள்” என்று அறிவிப்பும் போட்டார்கள்.

பலர் மாற்றவில்லை. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 21 வாக்கில், சான்ட்டி என்ற கணினிப் புழு கிளம்பியது. அடுத்து எந்தத் தளத்தைத் தாக்குவது என்று அது கூகுளிடமே கேட்டது. பிஎச்பி-பிபி ஓடும் பக்கங்களைத் தேடச் சொல்லும். வந்த பட்டியலில் ஒவ்வொன்றாக ஓட்டையைத் தட்டிப் பார்க்கும். திறந்தால் உள்ளே போய்க் கோப்புகளை அழித்து, ‘இந்தத் தளம் சிதைக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரே வரியை எல்லாவற்றின் மேலும் எழுதிவிட்டுப் போகும். பல்லாயிரம் தளங்கள் காலி. கூகுள் அந்தத் தேடலைத் தடுத்த பிறகுதான் புழு முடங்கியது.

நிரலில் ஓட்டை இருந்தது உண்மை. அடைப்பும் ஒரு மாதத்துக்கு முன்பே இலவசமாகக் கிடைத்தது. அறிவிப்பைப் படிக்க ஆளில்லாத மன்றங்கள்தான் அழிந்தன. கட்டற்ற மென்பொருளைப் பற்றி நம் ஊரில் பேசும்போது ‘காசில்லை’ என்பதோடு நிறுத்திவிடுகிறோம். எந்தப் பதிப்பு வந்தது, எந்த ஓட்டை அடைபட்டது, எந்த நீட்சியைக் கைவிட்டுவிட்டார்கள் என்று வாரம் ஒருமுறையாவது பார்க்கிற ஒருவர் இல்லாவிட்டால் நிறுவாமலே இருப்பது நல்லது என்பது என் கட்சி. 2009 தொடக்கத்தில் பிஎச்பி-பிபியின் சொந்தத் தளமே உடைக்கப்பட்டது. ஆள் நுழைந்தது மன்ற நிரல் வழியாக இல்லை, பக்கத்தில் ஓடிய ஓர் அஞ்சல் மென்பொருளின் ஓட்டை வழியாக.

மற்ற மென்பொருள்களின் குலமுறையைக் கேட்டால் தலை சுற்றும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பன்பிபி என்று இலேசான மன்ற மென்பொருள் ஒன்று இருந்தது. அது ஒரு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 2008-இல், அதை வளர்த்தவர்கள் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி ஃப்ளக்ஸ்பிபி என்று பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள். திருட்டில்லை; உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது. சில வருடம் கழித்து அந்தக் குழுவின் ஃபிரான்ஸ் லீட்கேவும், ஈசோடாக் என்ற இன்னொரு மன்றத்தை எழுதிய ஆஸ்திரேலிய இளைஞர் டோபி செர்னரும் கைகோத்து ஃப்ளாரத்தைத் தொடங்கினார்கள். அதன் 1.0 பதிப்பு 2021 மே மாதம் வந்தது. பெயர் கைமாறியது, நிரல் கைமாறியது, ஆனால் எந்த முதலாளியும் அதைப் பூட்டிவைக்க முடியவில்லை.

டிஸ்கோர்ஸ் வேறு வகை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் ஆகியோரோடு சேர்ந்து 2013 பிப்ரவரியில் வெளியிட்டது. இதில் எனக்குப் பிடித்தது நம்பிக்கைப் படிநிலை. புதிதாக வருபவர் சுழியத்தில் நிற்பார். படமும் இணைப்பும் இஷ்டத்துக்குப் போட முடியாது. குறைந்தது ஐந்து இழைகளுக்குள் போய், முப்பது பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடமாவது வாசிப்பில் செலவழித்தால் முதல் படி ஏறுவார். அடுத்த படிக்குப் பதினைந்து நாட்களாவது வந்து போயிருக்க வேண்டும். இன்னும் மேலே போனால் இழையின் தலைப்பைத் திருத்தும் உரிமைகூடக் கிடைக்கும். இந்த எண்களை நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். பேசுகிறவன் முதலில் கொஞ்சம் படிக்கட்டும் என்ற ஏற்பாடு இது.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். மாணவி ஒருவர் இறந்ததை அடுத்து, 2022 ஜூலை 17 அன்று சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் தனியார் பள்ளி சூறையாடப்பட்டு, பேருந்துகள் எரிக்கப்பட்டன. வாட்ஸ்அப் குழுக்கள் வழியே கூட்டம் திரட்டப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. குழு அட்மின்கள் சிலர் கைதானார்கள். மன்றம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். கோபத்துக்கு மென்பொருள் மருந்தாகாது. ஆனால், யார் முதலில் சொன்னார், எப்போது சொன்னார், யார் மறுத்தார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் பேசுவதும், எங்கிருந்தோ வந்த ஃபார்வேர்டை நூறு குழுக்களில் தட்டிவிடுவதும் ஒன்றில்லை. பொதுமன்றத்தில் மட்டுறுத்துநருக்கு வேலை உண்டு, அவர் பதிவை நீக்கினால் ஏன் நீக்கினீர்கள் என்று கேட்கவும் இடம் உண்டு.

இனி கல்வராயன்மலைக்குப் போகலாம். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024-இல், மலைவாழ் மக்களின் நிலையை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டமும் இருக்கிறது. ஆனாலும் சாதிச் சான்றிதழ், வன உரிமைப் பட்டா, சாலை என்று எதற்கும் மனு எழுதிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு ரசீதோடு மலையேற வேண்டும். எந்த அலுவலகத்தில் என்ன தாள் கேட்டார்கள், எது செல்லுபடியானது என்பது அந்த ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடுகிறது. பக்கத்து ஊர்க்காரர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். மன்றம் என்று ஒன்று வைத்தால் முதல் இழை கடுக்காய் விலையைப் பற்றி இருக்குமோ என்னவோ, இரண்டாவது இழை நிச்சயமாக மனுவைப் பற்றித்தான் இருக்கும்.

ஆனால் அங்கே இரண்டு தடை. ஒன்று சிக்னல். டிஸ்கோர்ஸ் உலாவியில் நிறைய நிரலை இறக்கும். பழைய போனும் பலவீனமான சிக்னலும் சேர்ந்தால் திணறும். மின்னஞ்சலில் பதில் எழுதினாலும் இழையில் போய்ச் சேர்ந்துவிடும் என்ற வசதி ஓரளவு கைகொடுக்கும். ஃப்ளக்ஸ்பிபி மாதிரி எழுத்து மட்டும் இருக்கிற மன்றம் சட்டென்று திறக்கும், அழகை எதிர்பார்க்கக் கூடாது. வழங்கியிலும் அதே வித்தியாசம்தான். டிஸ்கோர்ஸுக்குக் குறைந்தது 1 ஜிபி நினைவகம் உள்ள தனி வழங்கி வேண்டும்; பிஎச்பி நிரல்மொழியில் எழுதிய மன்றங்கள் சாதாரண வாடகை இடத்திலேயே ஓடும்.

இரண்டாவது தடை பெரியது. பலருக்குத் தட்டச்சு செய்வதைவிடப் பேசுவது எளிது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஓடுவதற்கு அதுதான் காரணம். சத்தீஸ்கரில் கோண்டு மக்களுக்காக 2010-இல் பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா இந்தத் தடையைத் தாண்டிய விதம் கவனிக்க வேண்டியது. சாதாரண போனிலிருந்து அழைத்தால் செய்தியைப் பதியலாம், பிறர் பதிந்ததைக் கேட்கலாம். மட்டுறுத்துநர் சரிபார்த்த பிறகு அது எல்லோருக்கும் ஒலிக்கும், இணையத்திலும் ஏறும். சம்பளம் வரவில்லை, அடிபம்பு ஓடவில்லை என்று சொல்லிவிட்டு, யாரிடம் கேட்க வேண்டுமோ அந்த அதிகாரியின் போன் எண்ணையும் சொல்வார்கள். கேட்டவர்கள் அந்த எண்ணுக்கு அழைப்பார்கள். எழுத்தே இல்லாத மன்றம். கல்வராயனில் இந்த வழிதான் எடுபடும் என்று எனக்குத் தோன்றுகிறது: குரலில் கேட்கட்டும், கல்லூரி படிக்கும் பிள்ளை ஒன்று அதைக் கேட்டு இழையாக எழுதட்டும்.

அந்தப் பிள்ளைக்கு எங்கே போவது? ரொம்பத் தூரம் போக வேண்டாம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்கு முன்பிருந்தே விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கிராமத்து மாணவர்களைக் கூட்டிவைத்து, கட்டணமில்லாமல் லினக்ஸும் நிரலாக்கமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழில் படிக்கக் கணியம் இதழ் 2012-இலிருந்து இருக்கிறது. கற்றுக்கொண்டவர்கள் பெங்களூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்ற குறை வேண்டுமானால் சொல்லலாம். மன்றத்தைப் பராமரிக்கக் கள்ளக்குறிச்சியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அவர்களுக்கு முதல் வேலையாக ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். டிஸ்கோர்ஸ் தன் பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் வைக்கிறது. ஆங்கிலச் சொல்லின் விகுதியை வெட்டிவிட்டு வேர்ச்சொல்லைத் தேட அந்தத் தரவுதளத்துக்கு வெகுகாலமாகத் தெரியும். தமிழுக்கும் அந்த வசதி 12-ஆம் பதிப்பில், 2019 அக்டோபரில், வந்து சேர்ந்தது. அடுத்த மாதம்தான் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது. தரவுதளத்தில் இருப்பதை மன்றத்தின் தேடலோடு பொருத்தி, எந்த விகுதியை ஒழுங்காக வெட்டுகிறது, எதைத் தப்பாக வெட்டுகிறது என்று சோதிக்க வேண்டும். தப்பைக் கண்டால் அதை எழுதியவர்களுக்குத் தெரிவிக்கலாம், திருத்தியே அனுப்பலாம். ‘மரவள்ளி’ என்று தேடினால் ‘மரவள்ளியில்’, ‘மரவள்ளிக்கு’, ‘மரவள்ளியை’ எல்லாம் வந்து விழ வேண்டும். ‘மரவள்ளியில’ என்று பேச்சு வழக்கில் எழுதினாலும் வர வேண்டும். இது இன்னும் கொஞ்சம் கடினம்.

(தொடரும்)